செய்யாத வேலைக்கு வாங்கிய பணம்: பின் சஸ்பென்ஷன் பழுதுபார்ப்பு பற்றிய புகார்

நுவரெலியா
06.10.2025

நிர்வாகப் பணிப்பாளர் அவர்களுக்கு,
கண்டி.

விடயம்: மெர்சிடிஸ் பென்ஸ் 230 ஈ, 1990 ஆம் ஆண்டுக் கார். பின் சஸ்பென்ஷன் முழுப் பழுதுபார்ப்பு. பில்லில் உள்ள வேலை காரில் இல்லாமை.

ஐயா,

கடந்த ஆடி மாதத்தில் உங்கள் கராஜில் என் காரின் பின் சஸ்பென்ஷனை முழுதாகப் புதுப்பிக்கக் கொடுத்தேன். மூன்றரை லட்சத்தைத் தாண்டிய பில்லை ஒரு சதம் குறைக்கச் சொல்லாமல் கட்டினேன். அந்தப் பில்லில் எழுதியிருப்பதில் ஏறக்குறையப் பாதி காரில் இல்லை. செய்த பாதியிலும் அடிப்படையான ஒரு பிழை இருக்கிறது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் சேவை முகாமையாளர் தந்த பதில் இது: "ஐயா, தோட்டத்து ரோட்டுல ஓட்டினா எந்த புஷ்ஷும் நிக்காது. அதுவும் முப்பத்தஞ்சு வருஷத்துக் கார். இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிறீங்க?" நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை எழுத்தில் தருவது நல்லது என்று அப்போதுதான் தோன்றியது.

இந்தக் காரை வைத்துத்தான் என் பிழைப்பு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளைக் காராக ஹயருக்கு விடுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து எங்கள் பக்கத்தில் பழைய பென்ஸுக்கு மவுசு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் புதுக் காருக்கான வரியைக் கேட்டுவிட்டு யாரும் இரண்டாம் தடவை விசாரிப்பதில்லை. இருக்கிற காரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குள்ள வழி. செலவு கூடும் என்று தெரிந்தபோது, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய கார்களிலிருந்து கழற்றிய பார்ட்ஸ் எடுத்துத் தரட்டுமா என்று நானே கேட்டேன். "அது வேண்டாம் ஐயா, போடுறதைப் புதுசாவே போடுவோம்" என்றார் உங்கள் ஆள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆடியில் கல்யாண ஹயர் இல்லாததால் அந்த மாதத்தில் கொடுத்தேன், ஆவணி முகூர்த்தங்களுக்குக் கார் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

கொடுக்கும்போது இருந்த குறைகள் உங்கள் வேலைச்சீட்டிலேயே இருக்கின்றன. றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் தானாக ஒரு பக்கம் ஒதுங்கி, பிறகு ஏதோ யோசித்துத் திரும்புவதுபோல் வரும். பின் டயர்கள் இரண்டிலும் வெளி ஓரத்தில் பட்டன் நன்றாக இருக்க, உள் ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தது. மதகுகளில் மெதுவாக ஏறி இறங்கினால் பின் சீட்டுக்கு அடியில் "டொக்" என்று ஒரு சத்தம்.

இந்த மாடலின் பின்பக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இந்தக் கடிதம் வேறு இடங்களுக்கும் போகக்கூடும் என்பதால் எழுதுகிறேன். ஒவ்வொரு பின் சக்கரத்தையும் ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. 1982 இல் 190 மாடலில் வந்த அமைப்பு அது, 1984 இன் கடைசியில் அறிமுகமான, என் கார் சேர்ந்த 124 வகைக்கும் அதையே போட்டார்கள். நான்கு மெல்லிய கைகளும், கீழே ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் தாங்குகிற ஒரு பெரிய தகட்டுக் கையும் ஆக ஐந்து. அவற்றின் மூட்டுகளில் ரப்பர் புஷ் இருக்கிறது. ரப்பர் தளர்ந்தால் சக்கரம் தன் கோணத்தில் நிற்காது. பிரேக் போடும்போது ஒரு கோணம், விடும்போது வேறு கோணம். சமதரையில் ஓட்டுகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து ஏ5 வீதியில் கம்பளை வரை பிரேக்கும் வளைவுமாக இறங்குகிறவருக்கு இதைத் தவிர வேறு எதுவுமே தெரியாது.

உங்கள் பில்லில் இவை வரி வரியாக இருக்கின்றன: கைகள் பத்து, சப்ஃப்ரேம் (கைகளைத் தாங்கும் அடிச்சட்டம்) மவுண்ட் நான்கு, வீல் கேரியர் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) புஷ் இரண்டும் அவற்றை ஏற்றிய ப்ரெஸ் வேலையும், ஸ்பிரிங் பேட் (ஸ்பிரிங்கின் ரப்பர் இருக்கை) இரண்டு, நான்கு சக்கர எலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் பார்த்துச் சரிசெய்தல்). ஷொக் இரண்டையும் நான் முன்னரே வேறிடத்தில் மாற்றியிருந்ததால் அவை இதில் சேரவில்லை.

காரை எடுத்துக்கொண்டு மேலே ஏறும்போதே சந்தேகம் வந்துவிட்டது. பின்பக்கம் பார்வைக்கே உயர்ந்து நின்றது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் கார் இடப்பக்கம் போயிற்று, கார் நேராகப் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. பழைய "டொக்" போகவில்லை, அதோடு புதிதாக ஒரு கிறீச்சிடலும் சேர்ந்துகொண்டது. நானுஓயாவில், காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் குழி வைத்திருக்கும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள பாஸ், அதாவது மெக்கானிக், பழைய பென்ஸ் வேலையில் தலை நரைத்தவர். அவர் பார்த்ததை நானும் குழிக்குள் இறங்கி டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், அத்தனையையும் படம் எடுத்திருக்கிறேன்.

மெல்லிய கைகள் எட்டும் புதியவை. அதில் எனக்குக் குறையில்லை.

கீழ்க் கைகள் இரண்டும் என்னுடைய பழைய கைகளேதான். வெளியில் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் கறுப்பு ஸ்ப்ரே அடித்திருக்கிறீர்கள். அவசரத்தில் அடித்தது போலும், பக்கத்தில் போகிற ஹேண்ட்பிரேக் கேபிளிலும் கறுப்புத் தூறல் விழுந்திருக்கிறது. புஷ்ஷின் ரப்பர் மேலேயே பெயின்ட். அதை நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் உரிந்து வர, அதற்கடியில் ரப்பர் வட்டமாக வெடித்திருந்தது. அந்தக் கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், உங்களுக்குத் தெரியும். பாஸ் அதைக் கழற்றினார். காய்ந்து கட்டியான செம்மண்ணும் சருகும் ஒரு கை அளவு அவர் முகத்தில் கொட்டியது. கையைக் கழற்றிப் புதிது போட்டவர்கள் அந்த மூடியைத் திறக்காமல் எப்படிப் போட்டார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். மண்ணை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, வேலை முடிந்ததும் திரும்ப நிரப்பி மூடினார்கள் என்றால்தான் உண்டு.

வீல் கேரியர் புஷ்களும் தொடப்படவில்லை. சப்ஃப்ரேமின் பெரிய பொல்ட் நான்கின் தலையிலும் பழைய அண்டர்கோட்டும் துருவும் ஒரே படலமாக மூடியிருக்கின்றன, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. ஸ்பிரிங் பேட் இரண்டும் ஓரம் வெடித்து இறுகிப்போன பழையவை. எலைன்மென்ட் தாளில் முன் சக்கரங்களுக்கு மட்டும் எண்கள் இருக்கின்றன, பின் சக்கரங்களுக்கான கட்டங்கள் வெறுமை. எட்டுக் கைகளைக் கழற்றி மாட்டிய பிறகு பின் சக்கரத்தின் டோ அளவை (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணத்தை) பார்க்காமல் ஒரு காரை வெளியே விட்டிருக்கிறீர்கள். ஸ்டியரிங் ஏன் கோணலானது என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை.

இனி, செய்த வேலையில் உள்ள பிழை. பில்லை விட எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது இதில்தான். இந்தக் கைகளின் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். பொல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும், அதன் பிறகு கை ஏறி இறங்குவதெல்லாம் ரப்பரின் முறுக்கில்தான். ஆகவே கார் தன் பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஹொயிஸ்டில் தூக்கிச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் அத்தனை ரப்பரும் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓடாமல் வீட்டில் நிறுத்தி வைத்தாலும் முறுக்கு முறுக்குத்தான். பின்பக்கம் உயர்ந்து நிற்கும், கிறீச்சிடும், புது ரப்பர் சீக்கிரமே கிழியும்.

நீங்கள் தொங்கவிட்டுத்தான் இறுக்கியிருக்கிறீர்கள் என்பதை ஊகத்தில் சொல்லவில்லை. கார் நான்கு சக்கரத்தில் பாரத்தோடு குழிமேல் நிற்கும்போது, வலப்பக்கக் கை ஒன்றின் நட்டை மட்டும் பாஸ் தளர்த்தினார். "டக்" என்று உள்ளே ரப்பரின் முறுக்கு அவிழ்ந்து நின்ற சத்தம் மேலே நின்ற பையனுக்கும் கேட்டது. அதே நிலையில் திரும்ப இறுக்கினார். இது முழுவதும் தொலைபேசியில் காணொளியாக இருக்கிறது. மற்ற நட்டுகள் எதையும் நாங்கள் தொடவில்லை, அவை நீங்கள் இறுக்கியபடியே இருக்கின்றன. "வேற யாரோ கழற்றிட்டாங்க" என்ற பதிலை நீங்கள் தேட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழைய பார்ட்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைக்கு முன்பே கேட்டிருந்தேன். ஓர் உர பேக்கில் கட்டி டிக்கியில் வைத்துவிட்டார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் மெல்லிய கைகள் எட்டு இருந்தன. அவற்றோடு ஏதோ ஒரு சின்ன ஜப்பான் காரின் முன் கீழ்க் கைகள் இரண்டு. எண்ணிக்கை பத்து ஆகிவிட்டது, உண்மைதான். அந்த இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அவற்றின் சொந்தக்காரர் உங்களிடம் வந்து கேட்டால் சொல்லியனுப்புங்கள்.

தோட்டத்து ரோடு பற்றி. கல்யாண வீடு தோட்டத்துக்குள் இருந்தால் என் கார் பிரதான வீதியில்தான் நிற்கும்; மாப்பிள்ளை மேளத்தோடு நடந்து வந்து ஏறுவார், அது இங்கே எல்லோரும் அறிந்த ஏற்பாடு. கார் போவது கார்ப்பெட் போட்ட ஏ5, ஏ7 வீதிகளில். அப்படியே நான் தோட்டத்துக் கல் ரோட்டில் ஓட்டியிருந்தாலும், ரோடு ரப்பரைத்தான் வெடிக்க வைக்கும். பில்லில் "புதிது" என்று எழுதாது. காரின் வயதையும் சொன்னார்கள். வேலையை ஏற்கும்போதே இது 1990 ஆம் ஆண்டுக் கார் என்று உங்களுக்குத் தெரியும், வேலைச்சீட்டில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது வயது தடையாக இருக்கவில்லை.

ஆவணியில் முன்பணம் வாங்கியிருந்த ஹயர்களுக்கு வேறு ஒருவரின் காரை வாடகைக்கு எடுத்து அனுப்பினேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, பின்பக்கம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத காரில் தலவாக்கலை வளைவுகளில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வாடகைக்கான பற்றுச்சீட்டுகளும் இத்துடன் உள்ளன.

நான் கேட்பது இதுதான். பில்லில் உள்ள கீழ்க் கைகள், கேரியர் புஷ்கள், சப்ஃப்ரேம் மவுண்ட்கள், ஸ்பிரிங் பேட்கள் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுத் தர வேண்டும். போடுவதற்கு முன் பெட்டியோடு எனக்குக் காட்ட வேண்டும், கழற்றியதைக் கையோடு தர வேண்டும். எட்டுக் கைகளின் பொல்ட்டுகளையும் தளர்த்தி, கார் சக்கரத்தில் பாரத்தோடு நிற்கும்போது, என் முன்னால் இறுக்க வேண்டும். ஏற்கனவே கிழியத் தொடங்கிய புஷ் இருந்தால் அந்தக் கையும் உங்கள் செலவில் மாற வேண்டும். பின் சக்கரங்களின் எண்கள் உள்ள எலைன்மென்ட் தாள் ஒன்று வேண்டும். காரை நான் கண்டிக்கு ஓட்டி வரப்போவதில்லை, இந்த நிலையில் அதை ஓட்டச் சொல்வதே சரியில்லை. ஏற்றிச் செல்ல வண்டி அனுப்புங்கள். இதைச் செய்ய விருப்பமில்லையென்றால், செய்யாத வேலைகளுக்கான தொகையையும் அவற்றின் கூலியையும் எலைன்மென்ட் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள், மிச்ச வேலையை நானுஓயாவிலேயே பார்த்துக்கொள்கிறேன். மாற்றுக் கார் வாடகை இரண்டு வழியிலும் உங்கள் பொறுப்பு.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம், தொலைபேசிப் பதில் எப்படி இருக்கும் என்று பார்த்தாயிற்று. பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். 1977 என்ற அவர்களின் இலக்கத்துக்கு அழைத்து விசாரித்துவிட்டேன், இந்தக் கடிதத்தின் பிரதியும் படங்களும் அவர்களுக்குத் தரத் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்
(பெயரும் தொலைபேசி இலக்கமும் உங்கள் பில்லில் உள்ளபடி)

இணைப்பு: பில், வேலைச்சீட்டு, எலைன்மென்ட் தாள் ஆகியவற்றின் பிரதிகள், குழியில் எடுத்த படங்களும் காணொளியும் அடங்கிய பென் டிரைவ், மாற்றுக் கார் வாடகைப் பற்றுச்சீட்டுகள், உர பேக்கில் வந்த ஜப்பான் கார்க் கைகளின் படம்.