‘வீடு’ படத்துக்கு ஒரு நல்ல பிரதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழசும் புதுசுமாக அண்மையில் வீட்டில் உட்கார்ந்து பார்த்த சில படங்களைப் பற்றி எழுதத் தோன்றியது. கூடவே ஒரு கோரிக்கையும் இருக்கிறது. சொல்லப்போனால் அந்தக் கோரிக்கைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2025இல் வந்த ‘3 பிஎச்கே’ படத்திலிருந்து தொடங்குகிறேன். ஸ்ரீகணேஷ் இயக்கியது. சரத்குமார், தேவயானி, சித்தார்த், மீதா ரகுநாத் நால்வரும் ஒரு வாடகை வீட்டுக் குடும்பம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் மகன் படிப்புக்கும் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. மறுபடி சேர்த்து முடிப்பதற்குள் வீட்டு விலை எங்கேயோ ஏறி நிற்கிறது. 1997இல் ‘சூர்யவம்சம்’ படத்தில் இதே சரத்குமாரும் தேவயானியும் ஒரே பாட்டுக்குள் பெரும் பணக்காரர்களாக உயர்ந்ததைத் தியேட்டரில் கைதட்டிப் பார்த்தவள் நான். அதே ஜோடி மூன்று அறை வீடு ஒன்றுக்காக வருஷக்கணக்காகத் திண்டாடுவதைப் பார்க்க மனசு கனத்துப்போனது. நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்தார்த்தைப் பள்ளிக்கூடப் பையனாக ஏற்றுக்கொள்ளத்தான் சற்று நேரம் பிடித்தது. ஆனால் நமக்குக் கண் கலங்குமுன்பே இசை வந்து அழச் சொல்கிறது. கஷ்டம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. விலையை ஏற்றுகிறவர்கள் யார், இடையில் தின்கிறவர்கள் யார் என்ற பக்கம் படம் அதிகம் திரும்பவில்லை.

படம் முடிந்ததும் என் கணவர், “இதையே பாலு மகேந்திரா அப்பவே எடுத்துட்டாரே” என்றார். அடுத்த ஞாயிறு ‘வீடு’ படத்தைத் தேடிப்பிடித்துப் போட்டோம். 1988இல் வந்தது. அவ்வருடத் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமும் அதுதான், சிறந்த நடிகை விருது பெற்ற அர்ச்சனா நடித்ததும் அதுதான். பாட்டே கிடையாது. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய நிலையில், தாத்தாவின் பெயரில் இருக்கும் மனையில் சுதா என்கிற பெண்ணும் அவள் தங்கையும் தாத்தாவும் சேர்ந்து ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை. லோன், பிளான் அப்ரூவல், கான்ட்ராக்டர், மழை, கம்பி விலை என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சிமென்ட் களவு போவதைச் சொல்லிக்கொடுப்பவள் மங்கம்மா என்னும் சித்தாள். ‘பசி’ சத்யா நடித்திருக்கிறார். கான்ட்ராக்டரை நம்பி ஏமாந்த படித்த பெண்ணுக்குத் தோள் கொடுப்பவள் தலையில் கல் சுமக்கிற அந்தப் பெண்தான். வீடு கட்டிய எந்தக் குடும்பத்துக்கும் அந்தக் காட்சி சுருக்கென்று தைக்கும். எங்களுக்கும் தைத்தது. என் கணவர் படத்தை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டுத் தளம் போட்ட அன்று மூட்டை எண்ணியதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் அதில் நடித்தார் என்று சொல்லவே வாய் வரவில்லை. தள்ளாத வயதில், குடையோடு, யாரிடமும் சொல்லாமல் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். பூசாத சுவரைத் தடவுகிறார். ஒவ்வோர் அறையாக நின்று நின்று பார்க்கிறார். பின்னால் இளையராஜாவின் வயலின்கள் மட்டும். என் மாமியார் அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏம்மா, அந்தப் பெரியவர் கூட ஒருத்தரும் வரலியா?” என்று கேட்டார். வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே தாத்தாவின் உயிர் பிரிகிறது. கடைசியில், அந்த மனையையே குடிநீர் வாரியத்துக்காகக் கையகப்படுத்தியாகிவிட்டது என்று ஓர் அதிகாரி வந்து சொல்லும்போது சுதாவின் முகத்தை மறக்க முடியாது. ‘3 பிஎச்கே’ குடும்பத்தின் கைக்கு ஒருவழியாகச் சாவி வருகிறது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டில் எது நம் ஊரை உள்ளபடி காட்டுகிறது என்று கேட்டால் ‘வீடு’தான் என்பேன்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கிடைத்த பிரதியில் அந்தச் சுவரின் செங்கல் நிறமே தெரியவில்லை. நிழலெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக் கிடக்கிறது, முகங்கள் வெளிறிப் போயிருக்கின்றன, பல இடங்களில் இரைச்சலுக்கு நடுவே வசனத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டியிருக்கிறது. ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தையே நம்பிப் படம் எடுத்தவர் பாலு மகேந்திரா; ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் மூன்றும் அவரே. அந்த வெளிச்சம் போய்விட்டால் அவர் வேலையில் பாதி போய்விட்டது. ‘வீடு’ உட்பட தம் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ், அதாவது பிரதிகள் எடுப்பதற்கான மூல பிலிம், இன்று இல்லை என்று அவரே உயிரோடு இருந்தபோது வேதனையோடு சொன்னார். சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று தமிழகத்திடம் கேட்டார். 2014 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவர் கேட்டதை நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை.

அதே வாரம் ‘அந்த நாள்’ படமும் பார்த்தேன். 1954இல் ஏவி.எம். தயாரித்து, வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கியது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாளை ஒட்டிய கொலைக்கதை. முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் ஆளுக்கு ஒரு விதமாக நடந்ததைச் சொல்கிறார்கள். அதிலும் பாட்டு கிடையாது. பண்டரிபாய் பேசும் வார்த்தை ஒன்றுகூடத் தப்பாமல் காதில் விழுகிறது. 1954 படம் தெளிவாகக் கிடைக்கிறது, 1988 படம் மங்கிக் கிடக்கிறது! வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஒரு படம் பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தால் பிழைக்கிறது. சிறு தயாரிப்பாளரின் படம் லேபில் பெட்டிப் பெட்டியாகக் கிடந்து, பிலிம் காலம் முடிந்து லேப்கள் மூடியபோது கேட்பாரற்றுப் போகிறது.

பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். அதற்குப் பின் வந்த அசிட்டேட் பிலிம் புழுக்கத்தில் கெட்டுச் சுருங்கும். பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். போதாததற்கு, பிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கவென்றே பழைய ரீல்களைக் கழுவி விற்றவர்கள் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’, 1931இல் வந்தது, இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அதற்கும் முன் 1918 வாக்கில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ அடியோடு போய்விட்டது.

செய்ய முடியாத காரியமா இது? ‘கர்ணன்’ படத்தைப் புதுப்பித்து 2012இல் வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வந்தபோது தியேட்டர்கள் திருவிழாக் கோலம் பூண்டன. எனக்கு இரண்டும் பிடித்த படங்கள்தான். ஆனால் வசூல் வரும் என்று தெரிந்த படத்துக்குத்தான் அந்தக் கவனிப்பு. ‘வீடு’ போன்ற படத்தை மறுபடி வெளியிட்டால் அப்படி வசூலாகாது. அரசுதான் அதைக் கையில் எடுக்கவேண்டும். நெகட்டிவ் இல்லையே என்று கைவிரிக்கவும் வேண்டாம். மலையாளத்தில் அரவிந்தன் எடுத்த ‘தம்பு’ படத்துக்கும் மூல நெகட்டிவ் இல்லை. புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதியை வைத்தே அதை மீட்டெடுத்து, 2022இல் கான் விழாவில் திரையிட்டார்கள். தேசிய விருது பெற்ற படங்களின் பிரதி புனேயில் சேர்க்கப்படுவது வழக்கம். ‘வீடு’ படத்தைத் தேடவேண்டிய முதல் இடம் அதுதான். அதே 2022இல் 2,200 இந்தியப் படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. அதில் தமிழ்ப் படங்கள் எவை, எத்தனை முடிந்தன என்று உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு, முழுப் பட்டியலாகவே நீங்கள் வெளியிடவேண்டும்.

புதுப் படங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2024இல் வந்த ‘கொட்டுக்காளி’யையும் பார்த்தோம். வினோத்ராஜ் இயக்கம். பின்னணி இசையே இல்லை. ஆட்டோ சத்தம், காற்று, கால் கட்டிய சேவலின் படபடப்பு, சூரியின் கட்டிப்போன தொண்டை, இவ்வளவுதான் சத்தம். வாய் திறக்காமல் அன்னா பென் பார்க்கும் பார்வைக்கு முன்னால் மற்றவர்களின் கூச்சல் எல்லாம் சிறுத்துப்போகிறது. முடிவை நம்மிடமே விட்டுவிட்டார்களே என்று என் கணவருக்குக் குறை. எனக்கு அதுதான் பிடித்தது. இந்தப் படம் இருப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடிடியிலும். ஹார்ட் டிஸ்க்கை அவ்வப்போது புதிதாகப் பிரதி எடுக்காவிட்டால் ஒருநாள் திறக்காது. ஒப்பந்தம் முடிந்தால் ஓடிடியில் இருந்து எடுத்துவிடுவார்கள். டிவிடி போடுகிற வழக்கமும் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது.

ஆகவே என் கோரிக்கை இது: சென்னை தரமணியில் அரசின் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே குளிர்பதன வசதியோடு ஒரு காப்பறை கட்டலாம். தமிழக அரசின் மானியம் பெறும் படம் ஒவ்வொன்றும் ஒரு முழுத் தரப் பிரதியை அங்கே ஒப்படைத்தாகவேண்டும் என்று விதி போடலாம். உங்கள் இதழ் இதைத் தலையங்கமாகவே எழுதவேண்டும். பழைய தியேட்டர் நடத்தியவர்கள், ஆபரேட்டராக இருந்தவர்கள், வினியோகஸ்தர் குடும்பத்தார் உங்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பரணிலோ கிடங்கிலோ படப்பெட்டி இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல், படத்தின் பெயரையும் எத்தனை ரீல் என்பதையும் உங்களுக்கு எழுதச் சொல்லி அடுத்த இதழிலேயே ஓர் அறிவிப்புப் போடுங்கள். எங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் இரண்டு தியேட்டர்காரர்களிடம் கேட்கும் பொறுப்பை நானும் என் கணவரும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்