கியூர்பிப்பிலிருந்து அக்காவுக்கு

கியூர்பிப், மொரீசியஸ்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிப் போய்விடு, வீண் வம்பு எதற்கு.

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் அத்தான் பக்கத்தில் இருப்பார், வாட்ஸப்பில் போட்டால் பிள்ளைகள் பார்த்துவிடும் என்று தபாலில் அனுப்பியிருக்கிறாய். மகாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் என்று படித்ததும் அவள் பல் விழுந்த வாயோடு என் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து வந்ததுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் கல்யாணமா? கடிதத்தின் பின்பாதியில் நீ எழுதியிருந்ததையும் படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இங்கே ஜூலை என்றால் குளிர்காலம். கியூர்பிப் மேட்டு நிலம். கீழே கடற்கரைப் பக்கம் வெயில் அடித்தாலும் இங்கே தூறிக்கொண்டேதான் இருக்கும். சீசன் நேரத்துக் குற்றாலம் என்று வைத்துக்கொள், அருவி மட்டும் இல்லை. துவைத்த துணி காய்வதே கிடையாது, ஈர பனியனை உடம்புச் சூட்டில் காயவைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறோம். கம்பெனியில் இப்போது ஆர்டர் குறைவு, ஓவர்டைம் இல்லை. அதுவும் நல்லதுதான், உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது. சம்பளம் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் வந்துவிடுகிறது. அறையில் என்னோடு இருக்கும் இரண்டு பையன்களும் பங்களாதேஷ்காரர்கள், தங்கமான பிள்ளைகள். நான் சாம்பார் வைத்தால் அதில் மீனைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அது ஒன்றுதான் குறை. மத்தியானம் பெரும்பாலும் டால் பூரி. பட்டாணிப் பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிசான ரொட்டி, ஜோடியாகத்தான் விற்பார்கள். வயிறு நிறைந்துவிடும்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தமிழ்ப் பெயர்தான், ஆனால் பிரெஞ்சுக்காரன் எழுதிவைத்த ஸ்பெல்லிங்கில் பார்த்தால் நீ கண்டுபிடிக்க மாட்டாய். பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த இந்த ஊர்ப் பேச்சு; தமிழ் வராது. ஆனால் திருப்புகழை ஆங்கில எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு மடமடவென்று பாடுவார். தைப்பூசத்துக்கு இங்கே நாடு முழுக்க லீவு. இந்த வயதிலும் அலகு குத்திக் காவடி எடுக்கிறார். நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் வீட்டுக்குள் கூப்பிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து, அதிலிருக்கும் தமிழ் எழுத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்களாம். இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தானே போய் வாங்கி வந்த மாதிரி சொன்னார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நான் தொப்பியோடு போவதைப் பார்த்துவிட்டார். விளையாட்டுக்குப் போட்டிருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். இங்கே தமிழர் என்றால் கோயிலுக்குப் போகிறவர்கள், முஸ்லிம் என்றால் வேறு ஆட்கள். காயல்பட்டினத்துக்கு வந்து பாருங்கள், அங்கே எல்லோரும் பேசுவது தமிழ்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார், அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்திரை வருடப் பிறப்பன்று வாசலில் வந்து நின்றார். கையில் வாழையிலை போட்டு மூடிய தட்டு, சோறும் ஏழு கறியும். கோயிலில் படைத்ததில்லை, வீட்டில் செய்தது, சாப்பிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் ஒன்று பலாக்காய்க் கறி. அம்மா கைப்பக்குவம் இல்லை, இருந்தாலும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அப்பா காரியத்துக்கு வந்தபோது எனக்குத் திண்ணையில் தனியாக இலை போட்டது அன்றைக்கு ஞாபகம் வந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. பெரியப்பா முன்னால் அவளால் என்ன செய்ய முடியும்? கொள்ளி வைக்க விடவில்லை என்பதும் எனக்கு வருத்தமில்லை, அதை நானாகவே செய்திருக்க மாட்டேன். தூக்கவாவது விட்டிருக்கலாம். தெருமுனை வரைக்கும் ஒரு பக்கம் தோள் கொடுத்திருப்பேன், அவ்வளவுதான் கேட்டேன்.

இந்தப் பக்கமும் எல்லாம் சுலபமில்லை. கலிமா சொன்ன அன்றைக்குக் கட்டிப்பிடித்தவர்கள் நிறையப் பேர், பெண் கொடுப்பது வேறு கணக்கு. இங்கே ஒரு பெரியவர் நல்ல மனதோடு எனக்கு ஒரு இடம் பார்த்தார். 'பையன் வீட்டிலிருந்து யார் பேச வருவார்கள்?' என்று பெண் வீட்டில் கேட்டார்களாம். பேச்சு அதோடு நின்றது. வேலை விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். மதம் மாறினவன் பழைய சாதியிலும் இல்லை, பி.சி. முஸ்லிமும் இல்லை என்று என்னைப் பொதுப் பிரிவில் போட்டார்கள். மாறியவர்களையும் பி.சி. முஸ்லிமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி 2024 மார்ச்சில் அரசாணை வந்தபோது நான் இங்கே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் அக்கா, தொழுகையில் நிற்கும்போது எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

போர்ட் லூயிஸ் ஜும்மா மசூதி முற்றத்தில் பெரிய வாதாமரம் ஒன்று நிற்கிறது. நோன்பு மாதத்தில் ஒருநாள் அங்கே போயிருந்தேன். நோன்பு திறக்க ஹலீம் கொடுத்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நம் ஊர்ப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வேண்டும்போல் இருந்தது. நான் மாறுவதற்கு முன்னாலேயே நீ தூக்குவாளியில் வாங்கி வருவாயே, தம்பிக்குக் காய்ச்சல், கொஞ்சம் கூட ஊற்றுங்கள் என்று பொய் சொல்லி. கீழே ஒரு வாதாங்கொட்டை கிடந்தது. எடுத்து உடைக்கக் கல் தேடினேன், அப்புறம்தான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. பேருந்தில் வரும் வழியெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையில் என் பெயர் வேண்டாம் என்றால் போட வேண்டாம். எந்தப் பெயரைப் போடுவது என்று நீ முழிக்கவும் வேண்டாம். தாய்மாமன் சீரைப் பெரியப்பா மகன் குமார் சுமந்து வரட்டும். ஆனால் சீர் என் காசுதான், புடவையும் மோதிரமும் நான்தான். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அத்தானிடம் சொல்லிவிடு. பாதிப் பணம் ஆடி கடைசியில் வரும், மீதி முகூர்த்தத்துக்கு முன்னால். கேட்டால் வங்கியில் ஏதோ தாமதம் என்று சொல்.

நிலம். மதம் மாறினவனுக்குப் பங்கில்லை என்று பெரியப்பா சொல்வது தப்பு. மாறியதால் சொத்துரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. இனி எனக்குப் பிறக்கும் பிள்ளைகள்தான் உங்கள் பக்கத்துச் சொத்துக்கு வாரிசாக வர முடியாது என்று வக்கீல் சொன்னார். எனக்குப் பங்கு வேண்டாம். அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். பெரியப்பா கை வைக்கக் கூடாது, அதுதான் முக்கியம். பவர் பத்திரத்தை உன் பெயரில் எழுதி, போர்ட் லூயிஸில் இந்தியத் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்புகிறேன். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், கல்யாண வேலையில் மறந்துவிடாதே. பாஸ்போர்ட்டில் பழைய பெயர், ஆதாரில் புதுப் பெயர். பதிவு ஆபீசில் கேட்பார்கள், கெசட் நகல் இரண்டு சேர்த்து வைக்கிறேன். பத்திரத்தில் கிணற்றுப் பங்கையும் வண்டிப் பாதையையும் தனியாக எழுதச் சொல், இல்லாவிட்டால் நாளைக்கு வரப்பில் நிற்க விடமாட்டார்கள். மோட்டார் கரண்ட் இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா? நகைச் சீட்டு எந்த மாதம் முடிகிறது? இரண்டுக்கும் உடனே பதில் எழுது.

அன்புத் தம்பி,
செல்வம்