பொருள்: பிரேக் சத்தத்தைப் புகாராகவே ஏற்காத உங்கள் சர்வீஸ் சென்டர் குறித்து

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் வண்டி எந்த மாடல், எந்த வருடம் என்று இதில் எழுதப்போவதில்லை. பதிவு எண்ணைத் தட்டினால் எல்லாம் உங்கள் கணினியில் வந்துவிடும். போன் செய்யும்போதெல்லாம் ஒவ்வொரு ஆளிடமும் அதை முதலிலிருந்து ஒப்பித்து அலுத்துவிட்டேன்.

பிரேக்கைத் தொட்டால் முன் இடது சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது என்று சொல்லித்தான் முதலில் வண்டியை விட்டேன். "மழை ஈரம் சார், டிஸ்க்கில் லேசா துரு படிஞ்சிருக்கும், ரெண்டு தடவை பிரேக் போட்டா போயிடும்" என்றார் உங்கள் சர்வீஸ் அட்வைசர். ராத்திரி முழுக்க நனைந்த வண்டிக்கு அது சரி. நாள் முழுக்க ஓட்டிவிட்டு சாயங்காலம் வீடு திரும்பும்போதும் கத்துகிறதே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களுக்குக் காது ரொம்ப ஷார்ப் சார். பாட்டைக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்குங்க." பக்கத்து மேஜையில் இருந்தவரும் சேர்ந்து சிரித்தார். படிப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஏன் என்று கேளுங்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கிற பிரேக் பேடில் அந்தச் சின்ன இரும்புத் தகட்டை வைத்தவர்கள் நீங்கள்தானே? பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும், டிஸ்க்கில் உரசிக் கத்தி, ஓட்டுபவரை எச்சரிக்கத்தானே அது? நீங்களே வைத்த மணி அடித்தால், காதைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறார் உங்கள் ஆள்.

பிறகு டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தது. மறுபடி லீவு போட்டு வந்தேன். பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பி, விளக்கை அணைத்து, ஜாப் கார்டில் "குறை ஏதுமில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆயில் எங்கே போனது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையா? ஒன்று எங்கோ கசியவேண்டும், இல்லையென்றால் பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கவேண்டும். இது எனக்கே தெரிகிறது. உங்கள் ஆட்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று. பிரேக் போடும்போது மட்டும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று சொன்னதற்கு சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் செய்து பில் போட்டார்கள். பிரேக் போடாதபோது நேராகவே போகிற வண்டிக்கு அலைன்மென்ட் எதற்கு? அந்தப் பணம் திரும்ப வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் என்று ஒன்று நடந்தது. உங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று, கண்ணாடி நான்கும் மூடி, ஏசி முழு வேகத்தில். சத்தம் கேட்கவில்லையாம். பிறகு அதே அட்வைசர் செல்போன் விளக்கை அடித்து, சக்கரத்தின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்து, "பேட் பாதிக்கு மேல இருக்கு சார்" என்றார். சக்கரத்தைக் கழற்றவில்லை. அந்த இடுக்கில் தெரிவது வெளிப்புற பேட் மட்டும்.

கடைசியில் வெளியே ஒரு மெக்கானிக்கிடம்தான் கழற்றினேன். வெளிப்புற பேட் பாதி இருந்தது, உண்மைதான். உள்பக்கத்து பேடில் உராயும் பொருளே இல்லை, வெறும் இரும்பு. காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைட் பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகி, உள்பேட் மட்டும் எந்நேரமும் டிஸ்க்கை உரசியிருக்கிறது. டிஸ்க்கில் விரலை ஓட்டினால் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். சக்கரம் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது என்று நான் சொன்னதெல்லாம் இதுதான். ஒரு இறக்கத்தில் பெடல் பஞ்சாக உள்ளே போனதும் இதனால்தான். அந்தச் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடலில் அழுத்தம் போய்விடும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. உங்கள் ஆட்கள் கறுத்துப்போன ஆயிலின் மேல் புதிதை ஊற்றியிருக்கிறார்கள்.

அன்று அந்த இறக்கத்தில் குடும்பமே வண்டியில் இருந்தது. அதன்பின் எனக்குத் தூக்கம் போய்விட்டது, வேலை கெட்டது, இனி ஜென்மத்துக்கும் கார் ஓட்டும் தைரியம் வரப்போவதில்லை. இதற்கெல்லாம் என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் கால் சென்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். "பிரேக் பிடிக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார் அந்தப் பெண். பிடிக்கிறது, ஆனால் என்று தொடங்கினேன். "நன்றி சார்" என்று வைத்துவிட்டார். புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அடுத்த நிமிடமே குறுஞ்செய்தி.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் பேடும் டிஸ்க்கும் உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். காலிப்பர் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக் ஆயிலை முழுதாக வடித்து மாற்றுங்கள். உள்பேட், வெளிபேட் இரண்டின் கனமும் மில்லிமீட்டரில் ஜாப் கார்டில் எழுதப்படவேண்டும். அந்த அட்வைசர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஒரு வாரம் பார்ப்பேன். கழற்றிய பேடுகளும் "குறை ஏதுமில்லை" என்ற உங்கள் ஜாப் கார்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பதில் வராவிட்டால் இரண்டையும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வைப்பேன். தயவுசெய்து அதுவரை கொண்டுபோகாதீர்கள்.

பதில் எழுத்தில் வேண்டும். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் வாடிக்கையாளர்