தறி தானே நின்றது

சோமனூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாங்கிக்கொள்கிறாள். சாம்பார்ப் பொடி தீர்ந்ததா, ஸ்வெட்டர் போட்டாயா என்பதோடு சரி, நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன்.

போன புதன்கிழமை நீ அரைகுறையாகச் சொல்லி நிறுத்திய விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் நீ அளந்த எண்ணும் ஒத்துவரவில்லை என்றாய். சொன்னால் கார் செய்யும் லைனே நிற்குமாம். "சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுதுப்பா, ஊருக்கே டொயோட்டா கம்பெனி பேர்தான். நான் போய் எப்படிக் கை தூக்கறது?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. நான்கு நாளாகத் தேடித் தேடிப் படித்தேன். எதிர்வீட்டுப் பையன் தமிழில் மாற்றிப் படிக்கக் கற்றுக்கொடுத்தான். கண் எரிகிறது, ஆனாலும் விடவில்லை.

முதலில் நீ ஜப்பானில் நாகோயாவின் டொயோட்டா மியூசியத்திலிருந்து அனுப்பிய வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் இருக்கும் இடத்தில்தான் 1911-இல் சகிச்சி டொயோடா நெசவு ஆலை வைத்தாராம். கார் கம்பெனி மியூசியத்தில் தறிக்கு என்றே ஒரு பெரிய கூடம் என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது, நம் வீட்டு விசேஷம் மாதிரி. அதில் ஒரு பெண் அவர் உருவாக்கிய ஜி டைப் தறியில் நீளவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பாவில் ஒரே ஒரு இழையை அறுக்கிறாள். தறி நிற்கிறது. பின்னாலிருந்து உன் குரல், "அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் கண்ணு. அந்த 'அவ்வளவுதான்' நம் ஷெட்டில் இருபத்தெட்டு வருஷமும் கிடையாது. நம்முடைய சாதா விசைத்தறியில் குறுக்கே ஓடும் ஊடை அறுந்தால் தறி நிற்கும், அதற்கு ஒரு முள் உண்டு. பாவு இழை அறுந்தால் நிற்காது. துணியில் மெல்லிய கோடு ஒன்று விழுந்துகொண்டே போகும், நாம்தான் பார்க்க வேண்டும். ஜி டைப்பில் ஒவ்வொரு பாவு இழையிலும் பிளேடு போல ஒரு மெல்லிய தகடு தொங்குகிறது. டிராப் பின் என்று மில்லில் சொல்வார்கள். இழை இறுக்கமாக இருக்கும் வரை தகடு மேலே நிற்கும். அறுந்தால் கீழே விழும், விழுந்த தகடு தறியைத் தடுத்துவிடும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. தன் எடையாலேயே விழுகிற ஒரு இரும்புத் துண்டு. இது வந்தது 1924-இல். ஊடையைக் கொண்டுபோகும் நாடாவில் நூல் தீர்ந்தால் தறி வேகம் குறையாமலே அடுத்த நாடா தானாக ஏறிவிடும். நான் நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் மாற்றுவதற்காகத் தறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிய காலத்தில் அந்த ஏற்பாடு எழுபது வருஷப் பழசு!

சகிச்சி ஒரு தச்சர் மகன், 1867-இல் பிறந்தவர். அம்மா கைத்தறியில் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் தறியில் கை வைத்தார் என்பார்கள். 1891-இல் மரத்தறிக்கு முதல் பேட்டன்ட். 1896-இல் விசைத்தறி. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஜி டைப் உரிமையைக் கேட்டு வந்து 1 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. நெசவுக்குப் பேர்போன லங்காஷயர்க்காரன் ஜப்பான்காரனிடம் தறி உரிமை வாங்கிய நாள் அது! அந்தப் பணம்தான் மகன் கிச்சிரோவின் கார் ஆசைக்கு முதல் என்று கதை சொல்வார்கள். மறு வருஷமே சகிச்சி போய்விட்டார். 1933-இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு மூலையில் கார் பிரிவு. 1937-இல் தனிக் கம்பெனி.

பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குடும்பப் பெயர் டொயோடா. 1936-இல் சின்னத்துக்குப் போட்டி வைத்து, 27,000 பேர் எழுதிப் போட்டு, கடைசியில் டொயோட்டா என்று மாற்றினார்கள். அவர்கள் எழுத்தில் 'டா'வுக்கு மேல் வரும் இரண்டு புள்ளியை எடுத்துவிட்டால் எட்டுக் கோடுதான் வரும், எட்டு அங்கே ராசியான எண். நம் பெரியப்பா கடைப் பெயரில் ஒரு 'ஏ' சேர்த்ததற்கு நீ எவ்வளவு கிண்டல் செய்தாய்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு அந்தப் பெயருக்கு நம் ஊரிலேயே என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். 2000-இல் குவாலிஸ் வந்தபோது கல்யாணத்துக்கு வண்டி பேசினால் "குவாலிஸா?" என்றுதான் முதல் கேள்வி. அப்புறம் 2005-இல் இன்னோவா. கட்சிக்காரர், டாக்டர், டிராவல்ஸ்காரர் எல்லோரும் அதில்தான். தெற்குத் தெரு டிரைவரிடம் கேட்டால், "ஆயில் மாத்துங்க, மத்ததை அது பாத்துக்கும்" என்பார். அதனால் நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இவ்வளவு பெரிய பெயருக்கு முன்னால் எட்டு மாதப் பெண் எம்மாத்திரம்.

ஆனால் அந்தப் பெயர் பிறக்கும்போதே அப்படி இல்லை, பாப்பா. 1935-இல் வந்த அவர்களுடைய முதல் லாரி, ஜி 1, அடிக்கடி நடுரோட்டில் நின்றதாம். கூப்பிட்டால் உடனே ஆள் போய்ச் சேர வேண்டும் என்று ஆரம்பத்தில் பக்கத்து ஊர்களுக்குத்தான் விற்றார்கள். 1950-இல் கடன் கழுத்தை நெரித்தது. 1,600 பேரைக் குறைக்கத் திட்டம் போட்டார்கள், தொழிலாளர் போராட்டம், கடைசியில் கிச்சிரோ தானே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அடுத்து உட்கார்ந்தவர் தறிக் கம்பெனியிலிருந்து வந்த இஷிதா தைசோ. கிச்சிரோ இறங்கிய அதே ஜூன் மாதக் கடைசியில் கொரியப் போர் தொடங்கியது, அமெரிக்க ராணுவம் லாரிக்கு ஆர்டர் கொடுத்தது, கம்பெனி பிழைத்தது. கிச்சிரோ திரும்பி வருவதற்குள் 1952-இல் இறந்துவிட்டார், வயது 57. இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அமெரிக்காவுக்கு 1957-இல் கிரவுன் காரைக் கொண்டுபோன கதை இன்னும் மோசம். ஜப்பான் மண்ரோட்டுக்குச் செய்த வண்டி. அமெரிக்க நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் ஆடும், எஞ்சின் சூடாகும். 1958-இல் விற்றது 287 கார். 1960-இல் அந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து வேலையைப் பார்த்தார்கள். 1966-இல் வந்த கரோலாதான் அப்புறம் உலகத்தையே சுற்றியது. நீ இருக்கும் ஊருக்கும் முன்பு கொரோமோ என்றுதான் பெயர், 1959-இல்தான் டொயோட்டா நகரம் ஆனது. நீ சொல்கிற அந்த 'ஊர்ப் பெயர்' என்னைவிடச் சில வருஷம்தான் மூத்தது.

உன் பயிற்சியில் ஓனோ தாயிச்சி பெயர் வந்திருக்குமே. அவரும் நம் ஆள்தான், நூற்பு நெசவுக் கம்பெனியிலிருந்து 1943-இல் கார் பக்கம் மாறியவர். ஒரு ஆள் பல தறியைப் பார்க்க முடிகிறதே, ஒரு மெஷினுக்கு ஏன் ஒரு ஆள் என்று கேட்டது அவர்தான். தப்பு நடந்தால் மெஷின் தானே நிற்கும் என்றால், அதன் முன்னால் ஆள் எதற்குக் காவல் காக்க வேண்டும்? மெஷின் மட்டுமில்லை, ஆளும் நிறுத்தலாம். லைனுக்கு மேலே ஓடும் கயிறு, இழுத்தால் விளக்கு எரியும், தலைவர் ஓடி வருவார், சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். நீ சேர்ந்த புதிதில் ஒரு போட்டோ அனுப்பினாயே, அந்த அந்தோன் என்ற விளக்குப் பலகை. தப்பு நடந்தால் தானே நிற்கும் இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த ஜிடோகா என்ற சொல்லில்கூட வழக்கமான 'அசைவு' எழுத்துக்குப் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் குறி ஒன்றைச் சேர்த்து எழுதுகிறார்களாம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது நம் வீட்டு விஷயம் ஒன்று, உனக்குத் தெரியாதது. நீ மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் ராத்திரி ஷிப்டு. மீட்டருக்குத்தான் கூலி. ஒரு மணி வாக்கில் நாலாம் தறியில் பாவு இழை ஒன்று அறுந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நிறுத்தி, இழையைத் தேடி, விழுதில் கோத்து, பண்ணையில் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். மற்ற மூன்று தறியையும் விட்டுவிட்டு. உனக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம் அது. ஒரு இழைதானே, விடியட்டும் என்று விட்டுவிட்டேன். விடிந்தபோது பக்கத்து இழையும் போயிருந்தது, கோடு ஒரு விரல்கடை அகலம். துணி மடிக்கிற இடத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். வியாபாரி அந்தப் பீஸ் முழுக்கக் கூலியைப் பிடித்தார். அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம், நல்ல துணியையும் இரண்டு தடவை விரித்துப் பார்த்துத்தான் எடுத்தார். அம்மாவிடம் அன்றைக்கு மோட்டார் கோளாறு என்று சொன்னேன். இந்தக் கடிதத்தை அவள் படித்தால் படிக்கட்டும்.

நான்கு நாளாகப் படித்ததில் என்னை உலுக்கியது, அந்தப் பெரிய கம்பெனிக்கும் இதே ராத்திரி வந்திருக்கிறது என்பதுதான். 2008-இல் விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸைத் தாண்டினார்கள். 2009, 2010-இல் கால்மிதி ஆக்சிலேட்டரில் மாட்டுவது, பெடல் ஒட்டிக்கொள்வது என்று லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உயிர்கள் போயிருந்தன. கிச்சிரோவின் பேரன் அகியோ அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்து, எல்லா வண்டியிலும் என் பெயர் இருக்கிறது, நாங்கள் வளர்ந்த வேகம் அதிகமோ என்று அஞ்சுகிறேன் என்றார். எலக்ட்ரானிக்ஸில் குற்றமில்லை என்று நாசா வரை போய்ப் பார்த்துச் சொன்னார்கள், அது உண்மை. ஆனால் 2014-இல் 120 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது பெடலுக்காக மட்டும் இல்லை. தெரிந்ததை மறைத்து, வாங்கியவர்களிடம் வேறு விதமாகச் சொன்னதற்காக.

2023 டிசம்பரில் அவர்கள் கையில் இருக்கும் டைஹாட்சு கார் கம்பெனி மாட்டியது. 64 மாடல்களில் சோதனைக் கோல்மால், பழையது 1989 வரை போகிறது. ஜப்பானில் அந்தக் கம்பெனியின் எல்லா ஆலையும் நின்றது. விசாரித்தவர்கள் சொன்ன காரணத்தைப் படித்ததும் உன் குரல் கேட்டது: கெடு நெருக்கியது, முடியாது என்று சொல்ல ஆளில்லை. அடுத்த மாதம் டீசல் எஞ்சின் சோதனையில் எண்களைச் சீராகக் காட்டியதாக இன்னொரு கம்பெனி ஒத்துக்கொண்டது. பத்து மாடல்கள், நம் ஊர் இன்னோவாகூடச் சில நாள் ஆலையை விட்டு வெளியே வரவில்லை. அந்த எஞ்சின் கம்பெனி எது தெரியுமா? சகிச்சியின் பழைய தறிக் கம்பெனி. டிராப் பின் செய்தவர்களின் வாரிசு! நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தேன்.

இதையெல்லாம் எழுதுவதால் அப்பா உன்னைச் சண்டைக்கு அனுப்புகிறார் என்று நினைக்காதே. நீ அளந்ததே தப்பாக இருக்கலாம். கேஜ் சரியில்லாமல் இருக்கலாம். இன்னொரு முறை அள, வேறு ஆளை வைத்தும் அள. அப்புறமும் அதே எண் வந்தால் உன் தலைவரிடம் காட்டு. குற்றம் சொல்கிற மாதிரி வேண்டாம், "எனக்கு இப்படி வருகிறது, எங்கே தப்பு என்று புரியவில்லை" என்று கேள். அங்கே 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்களே, முதல் 'ஏன்' உன்னுடையதாக இருக்கட்டும். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வேலை போனால்? போனால் வந்துவிடு. தறி விற்ற பணத்தில் மீதி பேங்கில் இருக்கிறது, உன் அறை அப்படியே இருக்கிறது, உன் கட்டிலில் அம்மா வடகம் காயப் போடுகிறாள் என்பதைத் தவிர.

முறுக்கும் பருப்புப் பொடியும் பார்சல் போட்டாயிற்று. அந்த மியூசியத்துக்கு மறுபடி போனால், இழையை அறுக்கும்போது கேமராவைத் தகட்டுக்குப் பக்கத்தில் வை. போன தடவை அது விழுவதற்குள் நீ அந்தப் பெண்ணின் முகத்துக்குத் திருப்பிவிட்டாய்.

தலைவரிடம் பேசி முடித்ததும் போன் போடு. உனக்குக் காலை எட்டு என்றால் இங்கே நாலரை. ராத்திரி ஷிப்டு பார்த்த உடம்பு, அந்நேரம் முழித்துத்தான் கிடக்கும்.

அன்புடன்,
அப்பா