சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புரதப் பரிசோதனை தேடும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வாளர்களே, அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) அதிகாரிகளே,

வணக்கம். சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அது திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க, சிறுநீர்த் துவாரம் வழியே கேமரா டியூப் விட்டுப் பையைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபிக்குப் போய் வருகிறவர்களில் நானும் ஒருவன். தசைக்குள் இறங்காத கட்டி என்பதால் பை தப்பியது. ஆனால் இந்த வகை மறுபடி மறுபடி முளைக்கக்கூடியது. அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் என்று டியூப் விட்டுப் பார்க்கிறார்கள். மரத்துப்போக ஜெல்லி போட்டாலும் ஆண்களுக்கு அது லேசான காரியம் இல்லை. முடிந்த பிறகும் ஒன்றுக்குப் போகும்போது எரியும். "இனிமேல் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு சின்ன டப்பா சிறுநீரில் ஒரு புரதத்தை அளந்து சேதி சொல்லிவிடலாம் என்கிற உங்கள் முயற்சி எங்களுக்குப் பெரிய நம்பிக்கை. என்.எம்.பி.22 என்ற புரதப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 1996இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. 2005இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், சிறுநீரில் ரத்தம் போவது போன்ற காரணங்களால் சந்தேகத்துக்குள்ளான 1331 பேரிடம் அதன் உடனடிக் கிட்டைச் சோதித்தார்கள். புற்றுநோய் இருந்த 79 பேரில் 44 பேரை அது பிடித்தது. சிஸ்டோஸ்கோபியில் முதலில் கண்ணுக்குத் தப்பிய நான்கு கட்டிகளையும் காட்டிக்கொடுத்தது. செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சைட்டாலஜியோ 76 பேரில் 12 பேரைத்தான் பிடித்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 35 பேரைத் தவறவிட்டது. நோயில்லாதவர்களிலும் நூற்றுக்குப் பதினான்கு பேரை "இருக்கிறது" என்று பயமுறுத்தியது. கணக்குப் போட்டால், 'பாசிட்டிவ்' வந்த ஐந்து பேரில் நான்கு பேருக்குப் புற்றுநோயே இல்லை.

காரணமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். செல்கள் சாகும்போது அந்தப் புரதம் சிறுநீரில் கலக்கிறது. கல் இருந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும், கட்டி திரும்பாமல் இருக்கப் பையில் பி.சி.ஜி. மருந்து விட்டு அழற்சி வந்தாலும் செல்கள் சாகத்தான் செய்யும். பி.டி.ஏ. என்ற இன்னொரு சிறுநீர்ப் பரிசோதனையில் இன்னும் சங்கடம். அது தேடும் புரதம், ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் எச் (H) என்ற புரத வகையைச் சேர்ந்தது. அதனால் சிறுநீரில் ரத்தம் கலந்தாலே அது பொய்யாகப் 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். சிறுநீரில் ரத்தம் போகிறது என்றுதானே முக்கால்வாசிப் பேர் டாக்டரிடமே வருகிறோம்!

அதனால்தான் கேட்கிறேன்: புதுப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்ததும், பெரிய கட்டி உள்ளவர்களை ஒரு பக்கமும் நோய்நொடி இல்லாத இளைஞர்களை இன்னொரு பக்கமும் நிறுத்தி ஒப்பிடாதீர்கள். அந்த ஒப்பீட்டில் எந்தப் புரதமும் ஜொலிக்கும். கல், தொற்று, வீங்கிய புராஸ்டேட், சிறுநீரகக் காசநோய் என்று யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்ப் பிரிவு) ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களோடு ஒப்பிடுங்கள். எந்த அளவுக்கு மேல் போனால் 'பாசிட்டிவ்' என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, வேறு ஊர் நோயாளிகளிடம் சோதியுங்கள். வீரியம் குறைந்த கட்டிக்கும் கூடிய கட்டிக்கும் கணக்கைத் தனித்தனியே காட்டுங்கள்.

நோய் இனி எந்தப் போக்கில் போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் புரதங்களுக்கும் இதே கதிதான். கட்டியின் செல்களில் பார்க்கப்படும் பி53 என்ற புரதத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்தன. அதை நம்பி, பி53 பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் கீமோ கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2011இல் வந்தபோது, கீமோவால் பலனும் தெரியவில்லை, நோய் திரும்புவதை பி53 முன்னறிவிக்கவும் இல்லை. கண்காணிப்பில் சிஸ்டோஸ்கோபிக்குப் பதிலாக இத்தகைய சிறுநீர்ப் பரிசோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்வதில் ஆச்சரியமே இல்லை.

ஐ.சி.எம்.ஆர். அதிகாரிகளுக்கு ஒரு யோசனை. சிஸ்டோஸ்கோபிக்கு வரும் ஒவ்வொருவரும் உள்ளே போவதற்குச் சற்று முன்னால் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் போகிறோம். கட்டி இருக்கிறதா இல்லையா என்பது சில நிமிடங்களில் டாக்டருக்குத் தெரிந்துவிடும். டியூப் விட்டுக் கீறல் படுவதற்கு முந்தைய அந்தச் சிறுநீர் இப்போது கழிவறையோடு போகிறது. நாட்டின் பெரிய யூராலஜி பிரிவுகளில் அதை வாங்கி, டாக்டர் கண்டதையும் பயாப்சி முடிவையும் சேர்த்துப் பதிந்து, உறைய வைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். புதுப் புரதத்தோடு யார் வந்தாலும் முதலில் அதில் சோதிக்கட்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்துக் கேளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
கண்காணிப்பில் உள்ள ஒரு நோயாளி