வவுனியா மாநகர சபை உறுப்பினர்களுக்கு: அடுத்த கட்டடத்துக்கு முன்னம் ஒருக்கால் பஸ்ஸில் வந்து இறங்குங்கள்

மதிப்புக்குரிய மாநகர முதல்வருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். 2025 மே 6ஆம் திகதி எங்கள் ஊர் முதல் தடவையாக ஒரு மாநகர சபைக்கு ஆட்களைத் தெரிவு செய்தது. நகர சபை என்ற பெயர் மாறியதில் எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு "நகர அபிவிருத்தி" என்று யார் வாயைத் திறந்தாலும் கட்டடக் கதைதான் வருகிறது. மாடிக் கடைத்தொகுதி, வாகனத் தரிப்பிடம், பூங்கா, வரவேற்பு வளைவு. கட்டடத்துக்கு நான் எதிரி இல்லை. கட்டிவிட்டுப் பூட்டி வைப்பதைத்தான் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

என்னுடைய அப்பா பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிறவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கடையில் கேத்தல் அடுப்பை விட்டு இறங்கியதை நான் காணவில்லை. விடிய நாலு மணிக்கே பஸ்ஸுக்கு நிற்கிற சனம், லொறி ஓட்டுனர்கள், போர்க்காலப் பயண அனுமதிப் பாஸ் எடுக்க வந்து நாள் முழுக்க வரிசையில் நின்று களைத்தவர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற வடையை அப்பா எண்ணியதே இல்லை, பெட்டி வெறுமையானால் அடுத்த தட்டு வரும். இப்போது காலையில் எண்ணித்தான் அடுக்குகிறார், பின்னேரம் மிஞ்சியதையும் எண்ணுகிறார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்பாவின் கடை ஏன் அப்படி ஓடியது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1990இல் போரால் வடக்குக்கான ரயில் நின்ற பிறகு பல வருசம் தண்டவாளம் வவுனியாவோடு முடிந்தது. பெயர் யாழ்தேவி, போவது வவுனியா வரைக்கும்! 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ-9 வீதியைத் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் திரும்ப மூடினார்கள். ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடி. வடக்கே போகிற சாமானும் ஆளும் இங்கேதான் நின்றாக வேண்டும், நின்றால் சாப்பிட வேண்டும், படுக்க லொட்ஜ் வேண்டும், லொறியில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களில் போரில் இடம்பெயர்ந்த லட்சக்கணக்கான எங்கள் சனம் அடைபட்டுக் கிடந்தபோது, பார்க்க வந்த உறவுகளும், தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களும் ஊரை நிறைத்தன. வீட்டு வாடகை எகிறியது. மதகை அடைத்துவிட்டால் குளம் தளும்பத்தானே செய்யும். சனத்தின் துயரத்தில் தளும்பிய தண்ணீர் அது, அதை ஊரின் வளர்ச்சி என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

பிறகு மதகு திறந்தது. வீதி திறந்தது, முகாம் 2012இல் மூடப்பட்டது, 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வரைக்கும் போனது. எல்லாம் நல்லதுக்குத்தான், யாரும் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் கொழும்பில் இரவு பஸ் ஏறுகிற யாழ்ப்பாணத்தான் இன்றைக்கு வவுனியாவைத் தூக்கத்தில்தான் கடக்கிறான். அவனை நம்பி ஊரைக் கட்டமுடியாது.

அப்படியென்றால் யாரை நம்புவது? நெடுங்கேணி, புளியங்குளம், செட்டிகுளம், ஓமந்தை, சாளம்பைக்குளம், மடுக்கந்தை என்று நாலா பக்கத்திலும் இருந்து காலை பஸ்ஸில் வந்து, மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போகிற சனத்தைத்தான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். இந்தப் பட்டணத்தின் உண்மையான முதலாளி அவர்கள். அவர்கள் வந்து இறங்கினால் என்ன நடக்கிறது என்று எப்போதாவது பின்னால் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

நெடுங்கேணிப் பக்கத்து அம்மா ஒருவர். எனக்குத் தூரத்து உறவு, பெரியம்மா முறை. கையில் இரண்டு உரப்பை, ஒன்றில் உழுந்து, மற்றதில் பப்பாசி. பஸ்ஸால் இறங்கியதும் முதலில் கேட்டது மலசலகூடம். போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார், அதைப்பற்றி மேலே எழுதவில்லை. பிறகு வெயிலில் நடை. நடைபாதை என்று இருப்பதில் ஓரிடத்தில் மோட்டார் சைக்கிள் வரிசை, ஓரிடத்தில் கடைக்காரர் வெளியே இழுத்து வைத்த பிளாஸ்டிக் கதிரைகள், ஓரிடத்தில் கானை மூடிய சீமெந்துப் பலகை உடைந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. வீதியில் இறங்கினால் பின்னால் ஹோர்ன். பசார் வீதிக்குப் போய்ச் சேர முன்னமே உழுந்தை வழியில் கேட்ட ஒரு கடைக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். "தூக்கிக்கொண்டு திரியேலாது மோனை" என்றார். அடுத்த தடவை வரமாட்டாராம், வீட்டு வாசலுக்கு வருகிற வியாபாரிக்கே கொடுத்துவிடப் போகிறாராம். அந்த ஒரு சொல்லில் பசார் வீதிக்கு எத்தனை கடைக்கு நட்டம் என்று கணக்குப் பாருங்கள். உழுந்து விற்ற காசில் அவர் சீலை வாங்கியிருப்பார், பேரனுக்குக் கொப்பி வாங்கியிருப்பார், அப்பாவின் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்திருப்பார்.

2017 ஜனவரியில் கண்டி வீதியில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். கட்டடம் நல்ல கட்டடம். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே இடத்தில் நிற்கும் என்ற எண்ணமும் நல்லதுதான். ஆனால் இரண்டு பகுதியும் நேர அட்டவணைக்குப் பிடித்த சண்டை ஊருக்கே தெரியும். பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த கடைக்காரர் எங்கே போவார்கள், அங்கே இறங்கிப் பழகிய கிராமத்துச் சனம் சந்தைக்கு எப்படி வரும் என்பதைத் திட்டத்தில் யாரும் ஒரு வரி எழுதினார்களோ தெரியாது. பஸ்ஸை மாற்றினார்கள், நடையை மாற்றவில்லை.

மரக்கறியும் விளைபொருளும் மொத்தமாக விற்கிற பொருளாதார மத்திய நிலையத்தின் கதையும் இதேதான், இன்னும் கொஞ்சம் பெரிய அளவில். 2016இல் அதை ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று அரசியல்வாதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களில் சிலரே ஏதோ ஒரு பக்கத்தில் நின்றிருப்பீர்கள். கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டி முடித்துப் பூட்டியே வருசக்கணக்கில் கிடந்தது, அதற்குள் பற்றை வளர்ந்தது. இதே ஏ-9 வீதியில் தம்புள்ளை இருக்கிறது. அங்கே 1999இல் நிலையம் திறந்தபோது சனம் ஏற்கெனவே அந்தச் சந்தியில் மரக்கறி வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. இருந்த வியாபாரத்துக்கு ஒரு கூரை போட்டார்கள், அது பிடித்துக்கொண்டது. நாங்கள் கூரையைப் போட்டுவிட்டு வியாபாரம் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்கள் நெல் லொறியில் தெற்கே போய், அங்கே குத்தி, பெயர் அச்சடித்த பையில் அரிசியாகத் திரும்பி வந்து எங்கள் கடையிலேயே விலைக்கு நிற்கிறது. இதற்குப் பக்கத்தில் ஊரில் புதிதாக எழும்பிய பளபளப்பான கட்டடங்களைப் பாருங்கள், வங்கி, லீசிங், அடகு, திரும்ப லீசிங். ஒரு நாள் எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டேன். காசு உள்ளே வருகிற வாசலைவிட வெளியே போகிற வாசல்தான் கூட.

சரி, குளத்துக்கு வருவோம். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம்... எங்கள் விலாசத்தில் பாதி குளம். ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்கு ஓடுகிற மாதிரித்தான் முன்னோர் கட்டி வைத்தார்கள். வவுனியாக் குளத்துக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பிப் பூங்கா அமைத்தபோது சனம் வீதிக்கு வந்து கத்தியது சும்மா இல்லை. பூங்கா வேண்டாம் என்று யார் சொன்னது? குளக்கட்டில் நிழல் மரம் நட்டு, நடக்க ஒரு பாதை போட்டு, பின்னேரம் கச்சான்காரரும் சுண்டல்காரரும் நிற்க இடம் கொடுத்தால் அதுவே பூங்கா. பம்பைமடுவில் 2021இலிருந்து ஒரு முழுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பின்னேரம் ஊருக்குள் வந்தால் போய் இருக்க என்ன இருக்கிறது? ஏழரை மணிக்குப் பாதிக் கடை ஷட்டர் இழுத்தாயிற்று. வெளிச்சமும் சனமும் இருந்தால் கடைக்காரர் ஏன் இழுக்கப் போகிறார்?

நீங்கள் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். ஏ-9, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, பஸ் இ.போ.ச.வும் மாகாணமும் பார்ப்பது, குளம் இன்னொரு திணைக்களம். உண்மைதான். ஆனால் சந்தை உங்களுடையது, உள்வீதி உங்களுடையது, கான், பொது மலசலகூடம், குப்பை, வீதி விளக்கு, கடை வாடகை எல்லாம் உங்களுடையது. நான் கேட்பது அதற்குள் அடங்கும். புதிய பஸ் நிலையத்திலிருந்து பசார் வீதி வரைக்கும் ஒரு மனுசர் வெயில் படாமல், விழாமல் நடக்கக்கூடிய ஒரு பாதை, உங்கள் பங்குக்கு உங்கள் வீதிகளில். பெண்கள் முகம் சுளிக்காமல் போய்வரக்கூடிய மலசலகூடம் இரண்டு. பழைய பஸ் நிலையப் பக்கம் சனிக்கிழமை காலையில், பஸ் போக இடம் விட்டு, கிராமத்துச் சனம் உழுந்தையும் கீரையையும் குளத்து மீனையும் தாங்களே வைத்து விற்க ஓர் இடம், நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை, சரிபார்த்த ஒரு தராசு. வாடகை என்று வாங்குவதானால் இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ, துண்டு எழுதிக் கொடுத்து வாங்குங்கள். சபையின் கடைகள் யார் யாருக்கு என்ன வாடகைக்குப் போயிருக்கின்றன என்ற பட்டியலைச் சபை வாசலில் ஒட்டுங்கள், அதற்குப் பசையும் நாலு கடதாசியும் போதும். அப்புறம் மாடிக் கடைத்தொகுதியைப் பற்றிக் கதைக்கலாம், நானும் வந்து கைதட்டுகிறேன்.

அதற்கு முதல் ஒரு சின்ன வேலை. ஏதாவது ஒரு வேலை நாளில், சபை வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வாருங்கள். கையில் பத்துக் கிலோ ஏதாவது இருக்கட்டும். பத்தரை மணியளவில் இறங்கி, பழைய பஸ் நிலையம் வரைக்கும் நடந்து வந்தால் அப்பாவின் கடை திறந்திருக்கும், தேத்தண்ணி எங்கள் கணக்கு. குடை கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
தேத்தண்ணிக்கடைக்காரரின் மகன்,
பழைய பஸ் நிலையத்தடி, வவுனியா