அச்சிட்ட துணி வேண்டாம், கண்ணு

ஊட்டி,
டிசம்பர் 12

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம்தானே? இரவு டியூட்டி முடித்து வந்த களைப்பிலும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். அப்பா கடிதத்தை உரக்க வாசித்தார், நான் அடுப்படியில் நின்று கேட்டேன். டப்ளினில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று படித்ததும் மனம் உன்னிடம் வந்துவிட்டது.

விடுமுறையில் பாப்பாவுக்குக் குறுக்குத் தையல், அதுதான் பெருக்கல் குறி போல நூலைப் போடும் கிராஸ் ஸ்டிட்ச், சொல்லிக் கொடுக்கப் போகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் பெருக்கல் குறிகளை அச்சிட்டே விற்கும் துணியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், கண்ணு. அதில் பிள்ளைக்கு மிஞ்சுவது அச்சு மையை நூலால் மறைக்கிற வேலை மட்டும்தான். வெறும் துணியைக் கொடு. மாதிரிப் படத் தாளிலிருக்கும் கட்டத்தை எண்ணி, துணியிலும் எண்ணி, ஊசியை எங்கே இறக்குவது என்று அவளே முடிவு செய்யட்டும். ஒன்பது வயதுக்கு அது தாராளமாக வரும்.

நீ பள்ளிக்கூடம் போன நாட்களில் மார்க்கெட் பக்கம் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்கிற பூவேலைப் போர்வையைப் போர்த்தி வருவதை நின்று பார்ப்பாய். அந்தப் பூவேலைக்கு அவர்கள் துணியில் கோடு வரைவதில்லை, வளையமும் மாட்டுவதில்லை. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் ஓட்டுகிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களுடையது பெருக்கல் தையல் அல்ல, இழையோட்டுகிற தையல். ஆனாலும் கண்ணும் விரலும் சேர்ந்து எண்ணுகிற அந்தத் திறமையை இந்த மலையில் பிறந்த நான் எப்போதும் வணங்கியே பார்த்திருக்கிறேன். என் பேத்திக்கும் அதில் கொஞ்சமாவது வர வேண்டும்.

கட்டம் கட்டமாகத் துளை தெரிகிற துணியை நாம் மேட்டி துணி என்போமே, அதை அங்கே கடையில் ஐடா என்று கேள். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளதே போதும். ஊசி முனை மழுங்கியதாக, 24-ஆம் எண். குத்தும் என்ற பயமில்லை, துளையைத் தேடி அதுவே இறங்கும். நூலில் ஆறு புரி இருக்கும். ஒவ்வொன்றாக உருவி எடுத்து இரண்டைச் சேர்த்துக் கோர்க்கச் சொல். மொத்தமாக இழுத்தால் சிக்கிக்கொள்ளும். முழங்கை முதல் விரல் நுனி வரை நீளம் போதும். அதற்கு மேல் போனால் நூல் பலமுறை துளைக்குள் போய்வந்து பிசிர் தட்டி மங்கிவிடும். முடிச்சுப் போடவே கூடாது. பின்பக்கம் ஓர் அங்குலத்தை விரலால் பிடித்துக்கொண்டு, முதல் ஐந்தாறு தையலுக்கு அடியில் அதை அடக்கிவிட வேண்டும். துணியை நான்காக மடித்தால் நடு தெரியும், அங்கிருந்து தொடங்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மேல் தையல், அதாவது ஒவ்வொரு பெருக்கலிலும் இரண்டாவதாக மேலே விழும் கோடு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் சரி, கடைசிவரை எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். நூலுக்கு ஒரு பளபளப்பு உண்டு. சாய்வு மாறிய இடத்தில் வெளிச்சம் வேறு விதமாகப் பட்டு, ஒரே நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

நான் இப்போது தைப்பது பாப்பாவின் அறைக்கு, நம் மலை ரயில். அச்சிட்ட துணி வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் காரணம். கடையில் வாங்கிய படத்தில் மலையேறும் ரயிலுக்கு முன்னால் இன்ஜின் புகைவிட்டுக்கொண்டிருந்தது. அப்பா பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். குன்னூர் ஷெட்டில் வேலை பார்த்தவர் அல்லவா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளும், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் நடுவிலுள்ள பற்தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், இதை மாற்றி வரைந்தால் பேத்தி தவறாகக் கற்றுக்கொள்வாள் என்று கிராஃப் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டார். அகலம் 112 கட்டம், உயரம் 70. துணியில் எட்டுக்கு ஐந்து அங்குலம் வரும். சட்டம் போடச் சுற்றிலும் மூன்று அங்குலம் விட்டிருக்கிறேன். நீலப் பெட்டிகள் முடிந்துவிட்டன. இன்ஜினுக்கு ஆங்கர் நூலில் 403-ஆம் எண், கறுப்பு. அதைப் பகலில் மட்டும் தைக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புக்குள் கறுப்பை எண்ண முடியவில்லை.

பகல் என்றாலும் காலையில் விரல் மரத்துக் கிடக்கிறது. மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. மேகமில்லாத இரவில் உறைபனி இறங்கும் என்பது உனக்குத் தெரியாததா? தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடந்ததாம், பால்காரர் சொன்னார். அப்பா இரவில் தொட்டிச் செடிகளைச் சாக்கால் மூடுகிறார், வெயில் படுமுன் தண்ணீர் தெளிக்கிறார். உன் ஃபியூஷியா இன்னும் பூக்கிறது. பத்து மணிக்குள் சமையலை முடித்துவிட்டு, ஜன்னலோர வெயிலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். வெயில் போகும்வரை அந்த இடம் எனக்கு மட்டும்தான். யார் வந்தாலும் தைத்துக்கொண்டேதான் பேசுகிறேன்.

நட்சத்திரம் கட்டியாயிற்று. அச்சு முறுக்கு அடுத்த வாரம். கேக்குக்குப் பழம் ஊறுகிறது. பக்கத்து வீட்டு அக்கா படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறாராம், போகுமுன் ஒரு கூடை உருளைக்கிழங்கு கொடுத்தார். அரையாண்டு விடுமுறை தொடங்கினால் டவுன் பக்கம் கால் வைக்க முடியாது, அதனால் நூல் முழுவதையும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

இத்துடன் மேட்டி துணியில் ஒரு துண்டும் இரண்டு ஊசியும், சிவப்பு, பச்சை, வெள்ளை நூலும் வைத்திருக்கிறேன். கிறிஸ்மஸுக்குள் வந்து சேராது, பொங்கலுக்குள் சேர்ந்தால் போதும். அப்பா வரைந்த சின்ன நட்சத்திரமும் இருக்கிறது. முதலில் ஓர் அங்குலச் சதுரம் மட்டும் நிரப்பச் சொல், 196 தையல். அவசரப்படுத்தாதே. தப்பு விழுந்தால் நீ பிரிக்காதே, ஊசிக்காதால் ஒவ்வொன்றாக அவளே பிரிக்கட்டும். டியூட்டி இல்லாத நாளில் நீயும் பக்கத்தில் ஒரு துணியோடு உட்கார்.

அவள் தைக்கிற முதல் துண்டை நீ கை வைக்காமல் எனக்கு அனுப்பு. பின்பக்கத்தையும் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா